மலாக்கா பார்த்து உட்கார்ந்த மாப்பிள்ளை

அன்புள்ள மச்சான்,

இன்று காலை தெங்கேராவில் காருக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். பட்டறைக்காரர் அளவுக்குச்சியை உருவித் துடைப்பதற்குள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி என் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டேன். "சார், அது இஞ்சின் எண்ணெய் லா, சாம்பார் இல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே இன்னொரு முறை மோந்து, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதியான பிறகுதான் குச்சியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் விடவில்லை. "எத்தனாம் நம்பர் ஊத்தட்டும்? கெட்டியா போட்டா பிரஷர் முள்ளு நல்லா நிக்கும்" என்றார். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் உங்கள் பாடம் முடியாமல் அந்த மனிதர் இன்று மத்தியானச் சோற்றுக்குப் போயிருக்க முடியாது. நான் என்பதால் தப்பித்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். நீங்கள் என்னைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போன நாள் நினைவுக்கு வந்தது. 

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மலாக்காவில் வளைவுகளும் காகிதக் கொடிகளும் இன்னும் கழற்றப்படவில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொன்னீர்கள். நான் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸராக வேலை பார்த்த ரப்பர் தோட்டம் சிகாமட் பக்கம். நாட்டுக்கு வந்த மெர்டேக்கா எங்கள் ரோட்டுக்கு வந்து சேரவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் சோதனைச் சாவடிகள், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அரிசியோ பலகாரமோ எதையும் காரில் ஏற்ற முடியாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பயம். அதனால் என் கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகளில் புடவையும் வெற்றிலையும் ஒரு பித்தளைச் செம்பும் மட்டும் உட்கார்ந்திருந்தன. ஏதோ துறவிக்குக் கல்யாணம் செய்வதுபோல.

மறுநாள் விடியலில் மலாக்காவின் காஜா பேராங்கில் உங்கள் வீட்டுப் பந்தலில் முகூர்த்தம். பெண்ணின் அண்ணன் நேரில் வந்து மாப்பிள்ளையை அழைத்துப்போவது உங்கள் வீட்டு முறை. தகப்பனார் இல்லாத அந்த வீட்டுக்கு நீங்கள்தான் எல்லாம். மலாக்காவுக்கும் தம்பினுக்கும் நடுவே ஓடி ஓடித் தேய்ந்த உங்கள் வாடகைக் காரை வாழைக்கன்று கட்டிக் கொண்டுவந்திருந்தீர்கள். எங்கள் ஆட்கள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். காரில் நான், நீங்கள், என்னை வளர்த்த என் அத்தை.

அத்தைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவே இல்லை. "மலாய் பேசுற செட்டிங்க இருக்கிற கம்போங் செட்டிக்குப் பக்கத்துல வளந்த பொண்ணு. கோவம் வந்தா மலாய்லதான் திட்டும். எனக்குப் புரியாம எப்படிப் பதில் சொல்றது?" என்று தோட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது உங்கள் காதில் விழும்படியே சொன்னார்: "பாருடா, வழியில ஒரு சகுனம் பிசகுச்சுன்னா நான் எறங்கிருவேன். அப்புறம் இந்தக் கல்யாணம் இல்ல." எனக்கு வேறு பெரியவர்கள் கிடையாது. அத்தை இறங்கினால் நானும் இறங்க வேண்டியதுதான். நீங்கள் சுருட்டைப் பற்றவைத்தீர்கள். 

தோட்டத்து வாசலில் இருந்த சாவடியில் கார் நின்றபோதுதான் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் எண்ணெய் அழுத்தம் காட்டும் வட்டத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு முள். நிற்க நிற்க அது கீழே இறங்கியது. நான் தோட்டத்து ஜனங்களுக்குக் கைப்பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறவன். முள் இறங்கினால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"மச்சான், வண்டிக்கு பிரஷர் விழுது!"

"நிக்கிறப்ப எறங்கும் மாப்ள, ஓடுறப்ப ஏறும். மனுசனுக்கும் அப்படித்தானே? பயப்படாதீங்க. ஓடுறப்ப எறங்குச்சுன்னாதான் பயப்படணும்."

சாவடி தாண்டியதும் ரோடு மேடு ஏறத் தொடங்கியது. நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்கள், இஞ்சின் உறுமியது, முள் இறங்கியது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மேட்டு உச்சியை நெருங்கும்போது கீழேயிருந்து 'டொக் டொக்' என்று யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம். உடனே இஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டீர்கள்.

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் அடர்ந்த கித்தாக்காடு. ஒரு பறவை கூடச் சத்தம் போடவில்லை. அந்த ரோட்டில் கார் நிற்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்தில் பேசத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நீங்கள் முன்மூடியைத் திறந்து குச்சியை உருவினீர்கள். எண்ணெய் அளவுக்கோட்டுக்கு மேலே, வெகு மேலே நின்றது.

எண்ணெய் குறைந்து போயிருக்கும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அத்தைக்கோ முகமே மலர்ந்துவிட்டது. "ஊத்துனதை விடக் கூட இருக்கா? பெருகியிருக்கு! பால் பொங்குற மாதிரி! தம்பி, நல்ல சகுனம்யா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பயணத்தில் அவர் உங்களைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது.

நீங்கள் குச்சியை மோந்து பார்த்தீர்கள். அப்புறம் வாயிலிருந்த சுருட்டை எடுத்து, காலடியில் போட்டு, நன்றாக நசுக்கினீர்கள்.

என் காதருகே வந்து சொன்னீர்கள்: "பெருகல மாப்ள. பெட்ரோல் கலந்துருக்கு." பெட்ரோல் பம்புக்குள் ஒரு மெல்லிய தோல் கிழிந்து, கார்புரேட்டருக்கு ஏற வேண்டிய பெட்ரோல் கீழே ஒழுகி எண்ணெயோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் தண்ணீராகிவிட்டது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்க வேண்டியது நிற்காமல் வழிந்துவிடுகிறது, அதனால்தான் முள் விழுகிறது. இப்படியே ஓட்டினால் இஞ்சின் இறுகிவிடும். இறுகினால் கல்யாணம் மட்டும் போகாது, உங்கள் பிழைப்பும் போய்விடும்.

"எண்ணெய வடிச்சிட்டு வேற ஊத்தணும். பம்ப்பை விட்டுட்டு வேற வழியா பெட்ரோல் விடணும். உங்க தோட்டத்து லோரிக் கொட்டாய்ல எண்ணெய் இருக்கும்ல?"

இருக்கும். கீழே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"திரும்புறதா? தாலி கட்டப் பொறப்பட்ட மாப்பிள்ள வீட்டப் பாத்துத் திரும்பறதா? தம்பி, காரைத் திருப்புனீங்கன்னா கல்யாணம் இத்தோட முடிஞ்சுது."

மேலே போனால் இஞ்சின் போகும். திரும்பினால் தங்கை வாழ்க்கை போகும். நின்றால் காட்டிலிருந்து யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. நீங்கள் காரைப் பார்த்தீர்கள், அத்தையைப் பார்த்தீர்கள், ஏறி வந்த மேட்டைப் பார்த்தீர்கள். உங்கள் கழுத்து நரம்பு துடித்ததை எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி.

பிறகு அமைதியாகக் கேட்டீர்கள்: "அத்தை, மாப்பிள்ள மூஞ்சி இப்ப எந்தப் பக்கம் பாத்துருக்கு?"

"மலாக்கா பக்கம்."

"கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துருந்தா?"

அத்தை யோசித்தார். சாஸ்திரத்தில் அதற்குத் தடை ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. "பாத்துருந்தா... திரும்புன மாதிரி ஆகாது" என்று இழுத்தார்.

"மாப்ள, கழுத்தை அசைக்காதீங்க" என்று சொல்லி, முன்மூடியைச் சாத்தி ஏறி உட்கார்ந்து, கைப்பிரேக்கை விட்டீர்கள்.

இஞ்சின் அணைந்த கார் பின்புறமாக உருளத் தொடங்கியது. நீங்கள் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டே ஒரு கையால் ஸ்டீரிங்கைத் திருப்பினீர்கள். நான் மலாக்காவைப் பார்த்தபடி மலாக்காவை விட்டு விலகிக்கொண்டிருந்தேன். வேகம் கூடியது. பிரேக் கீச்சிட்டது, பிடிக்கவில்லை, மறுபடி கீச்சிட்டது. கீழேயிருந்து ஒரு ராணுவ லோரி ஏறி வரும் சத்தம். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. அத்தையின் கை என் தலையைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பிடித்திருந்தது. "முருகா, முருகா" என்று அவர் சொல்வதும், "தள்ளிப் போடா, தள்ளிப் போடா" என்று நீங்கள் லோரியிடம் சொல்வதும் ஒரே பாட்டாகக் கேட்டது. லோரி எங்களை உரசாத குறையாகத் தாண்டியது. வாழைக்கன்று கட்டிய கார் பின்புறமாக இறங்குவதையும், உள்ளே ஒரு மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்த சிப்பாய்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. சாவடிக்காரர்கள் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்கள். சுடுவதா சிரிப்பதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

லோரிக் கொட்டகைக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் நெற்றியைச் சாய்த்தீர்கள். அப்படி இருந்தது ஒரு மூச்சு நேரம்தான்.

என் கால் சொந்தத் தோட்டத்து மண்ணில் படக் கூடாது என்று அத்தை அடுத்த சட்டம் போட்டார். ஆகவே என் கல்யாணக் காருக்கு எண்ணெய் வடித்ததை நான் காருக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கொட்டகையில் லோரி துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. அதன் டிரைவர் மட்டும் முழுசாக இருந்தார். இரண்டு பீப்பாய் எண்ணெய் வைத்திருந்தார். மின்சாரம் எடுக்கும் இஞ்சினுக்கு இருபதாம் நம்பர், லோரிக்கு ஐம்பதாம் நம்பர். உங்களுக்கு வேண்டிய முப்பது இல்லை.

"அம்பது ஊத்து அண்ணே" என்றார் டிரைவர். "முள்ளு வானத்துல நிக்கும்."

"வானத்துல நின்னு என்னாத்துக்கு? குழா வாயை கட்டைவெரலால அடைச்சா தண்ணி சீறும். வாளி நெறயுமா? முள்ளு நெருக்கடியத்தான் காட்டும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சான்னு அதுக்குத் தெரியாது."

"பிரஷர் ஏறுனா ஆள் தெம்பா இருக்கான்னு எங்க தோட்டத்துலயும் நெனைக்கிறாங்க மச்சான்" என்று நான் காருக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன். "போன மாசம் வேலை வாங்குற தண்டல் அப்படித்தான் தெம்பா விழுந்தாரு."

நீங்கள் அப்போதுதான் முதன்முதலாக என்னை ஆள் என்று பார்த்தீர்கள். அப்புறம் என்னையும் சேர்த்துக்கொண்டு வாய்விட்டு யோசித்தீர்கள். இருபது மெல்லிசு, இவ்வளவு தேய்ந்த இஞ்சினில், இந்த வெயிலில், தங்காக் ஊரை எட்டுவதற்குள் தண்ணீராகிவிடும். ஐம்பது கெட்டி, சூடாகும் வரை ஓரங்களுக்குப் போகாமல் இரும்பைத் தேய விட்டுவிடும். ஐம்பதில் கொஞ்சம் இருபதைக் கலந்து, குச்சியில் தொட்டுச் சொட்ட விட்டீர்கள். இன்னும் கொஞ்சம் கலந்து மறுபடி சொட்ட விட்டீர்கள். சொட்டு விழும் விதத்தைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். ஒரு வைத்தியன் இன்னொரு வைத்தியனை மதிக்கும் இடம் அது.

"இனி பெட்ரோலுக்கு ஒரு டின்னும் ரப்பர் டியூப்பும் வேணும். டின் ஒசரத்துல இருந்தா பெட்ரோல் தானா எறங்கும்."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரம். ஒரு முழம் ரப்பர் டியூப் இல்லை. எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆஸ்பத்திரியில ஒண்ணு இருக்கு மச்சான்... டியூப்போட... எனிமா குவளை."

அத்தை முகத்தை மூடிக்கொண்டார். "அது எங்கெங்க போய்ட்டு வந்துச்சோ!"

"கழுவித்தான் வச்சிருக்கேன் அத்தை!"

"இஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு என் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் முள் விருட்டென்று உச்சிக்குப் போனது. டிரைவர் கை தட்டினார். நீங்கள் சிரிக்கவில்லை. இஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். மேலே ஏதோ கடகடவென்று காய்ந்த சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. "போலாம் தம்பி, ஊரடங்கு வந்துரும்" என்று அத்தையே அவசரப்படுத்தினார். நீங்கள் அசையவில்லை. கடகட சத்தம் மெல்ல அடங்கி, நின்றது. "இப்பத்தான் போய்ச் சேந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தீர்கள்.

அதற்குப் பிறகு என் வேலை ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காரின் கூரை உயரத்துக்கு எனிமா குவளையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். டியூப் முன்மூடிக்குள் இறங்கியது. பெட்ரோல் நிரம்பிய தகரம் அத்தையின் காலடியில். சாவடிகளில் நிறுத்தி நிரப்பிக்கொள்வது என்று திட்டம். முதல் சாவடியில் ஒரு மலாய்க்காரப் போலீஸ் குவளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பெங்கந்தின்" என்றீர்கள், மாப்பிள்ளை என்று. அவர் எனக்காக மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

ஓட ஓட முள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. "மச்சான், ஓடுறப்ப எறங்குது! பயப்படலாமா?"

"எண்ணெய் சூடாகி எளகுது. நடுவுல வந்து நிக்கும் பாருங்க." நடுவில் வந்து நின்றது. நீங்கள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

சாவடி இல்லாத நீளமான காட்டு ரோட்டில்தான் குவளையின் அடி தெரிந்தது. இருட்டுக்கு முந்திய மங்கல். நிறுத்த முடியாத இடம். இஞ்சின் ஒரு முறை இருமியது. நீங்கள் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டீர்கள்; நான் "ஒண்ணுமில்ல" என்றேன். இஞ்சின் மறுபடி இருமியது.

அப்போது பின்ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. அத்தை சீர்வரிசைத் தட்டிலிருந்த பித்தளைச் செம்பால் தகரத்துப் பெட்ரோலை மொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டி, ஓடுகிற காரில் என் குவளைக்குள் ஊற்றினார். குவளைக்குள் பாதி, என் தலையிலும் சட்டையிலும் பாதி. "ஆடாம புடிடா, தடிப்பயலே! தம்பி, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க!" என்று கத்தினார். நீங்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்தச் செம்போடு அவர் உங்கள் பக்கம் வந்துவிட்டார். இஞ்சின் இருமலை நிறுத்தியது.

மலாக்கா எல்லையில் விளக்குகள் தெரிந்தபோது நான் அழுதேன். பெட்ரோல் எரிச்சல் என்று அத்தையிடம் சொன்னேன்.

காஜா பேராங்கில் உங்கள் வாசல் வளைவில் வண்டி திரும்பியபோது குவளையில் மிச்சமிருந்தது முழுக்க என் மார்பில் கவிழ்ந்தது. மேளம். பக்கத்துக் கம்போங் செட்டி அக்காக்கள் கெபாயாச் சட்டை உடுத்தி, மல்லிகை வைத்து நின்றார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு காலை வெளியே வைத்தேன். உங்கள் அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். தட்டின் நடுவே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் காரின் முன்மூடி மேலேயே ஏறிக் குதித்து நடுவே விழுந்தீர்கள். "நிறுத்துங்க!"

மேளம் நின்றது. "பொண்ணோட அண்ணனே ஆரத்தியத் தடுத்துட்டானே" என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. காலை பஸ்ஸில் வந்திருந்த எங்கள் ஆட்களில் ஒருவர், "வாசல்ல வச்சு அவமானப்படுத்தறீங்களா?" என்று முன்னால் வந்தார். பெட்ரோல் என்று சொன்னால் பம்பு வரும், நின்றது வரும், பின்னால் போனது வரும், மாப்பிள்ளை திரும்பினான் என்று ஊர் பேசும். உங்கள் கண் அங்குமிங்கும் அலைந்து கிணற்றடியில் நின்றது.

"இது எங்க காஜா பேராங் வழக்கம்" என்றீர்கள். அங்கே கிடந்த வாளியைக் காட்டினீர்கள். "மொதல்ல தண்ணி. அப்புறம்தான் தீ."

உங்கள் அம்மா உங்களைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கும் அவர் அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நிதானமாகக் கற்பூரத்தைக் கையால் அமர்த்திவிட்டு, "ஆமா சம்பந்தி, எங்க பக்கத்துல அப்படித்தான்" என்றார்.

வாளி வாளியாக ஊற்றினீர்கள். சட்டையைக் கழற்றி எறிந்து, தலையைத் துவட்டி, புது வேட்டியைச் சுற்றினீர்கள். உங்கள் கைக் கறுப்பு என் தோளில் விரல் விரலாக ஒட்டியிருந்தது. அத்தை பின்னால் நின்று, "நல்ல வழக்கந்தான். சுத்தமான ஜனங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நம் இருவரைத் தவிர அங்கே எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாகும்வரை வாய் திறக்கவில்லை. பம்பு, செம்பு, குவளை எதுவும் உங்கள் தங்கை காதுக்குப் போகக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். வம்பு பேசியே வயிறு வளர்க்கிற நான் இத்தனை வருடம் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த கல்யாணத்தில் யாரோ வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கடுத்ததில் வாளிக்குக் குங்குமம் வைத்தார்கள். புக்கிட் பாருவில் இருந்துகூட வந்து, "உங்க பக்கத்து முறை எப்படி?" என்று கேட்டுப் போனார்கள். நீங்கள் சுருட்டு மறைவில் என்னைப் பார்ப்பீர்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

போன வாரம் உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆனது, மச்சான். மாப்பிள்ளை புதுக் காரில், கோட்டு சூட்டு போட்டு, செண்டு மணக்க வந்து இறங்கினார். வாசலில் வாளி தயாராக இருந்தது. எல்லோரும் பழக்கத்தில், நீங்கள் காலமானதை மறந்து, உங்களைத் தேடினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். உங்களுக்கு மகன் இல்லை. வாளி என் கைக்கு வந்தது. அது இனி என்னிடம்தான் இருக்கும் போலிருக்கிறது.

"ஏன் மாமா, கோட்டு நனைஞ்சிருமே?" என்றார் பையன்.

"உங்க மாமனார் முறை. தலையைக் குனிங்க" என்றேன். 

ஆரத்தித் தட்டு உங்கள் தங்கை கையில் இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் "கற்பூரத்தை ஏத்துக்கா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் தீக்குச்சியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, நான் சொல்லவே இல்லாததைத் தெரிந்தவள்போல என்னையே பார்த்தபடி நின்றாள். கடைசிச் சொட்டும் விழுந்து, நான் வாளியைக் கீழே வைத்து, பையன் சட்டை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் குச்சியை உரசினாள்.